பத்தாம் தேதி முத்திரை

எவனோ ஒருத்தன், இல்ல எவளோ ஒருத்தி, நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு இன்னும் நாலு நிமிஷம் இருக்கும்போதே இந்தத் தபால் ஆபீஸ் கண்ணாடிக் கதவைப் பூட்டியிருக்காங்க. யாருன்னு நான் சொல்ல மாட்டேன். மூஞ்சி தெரியல. கை மட்டும் தெரிஞ்சுது. மோதிரம் போட்ட கை. உள்ளேர்ந்து வந்துச்சு, தாழ்ப்பாளைத் திருப்பிச்சு, மூடியாச்சுங்கிற அட்டையை இந்தப் பக்கம் திருப்பி மாட்டிச்சு, போயிடுச்சு. நான் வெளிய நின்னு கண்ணாடியைப் படபடன்னு தட்டறேன். கறுப்புக் கோட்டு, டை எல்லாம் கட்டிக்கிட்டு. என்னை டையோட பார்த்தவன் இந்த வட்டாரத்துலயே கிடையாது. அப்படி ஒருத்தன் கதவைத் தட்டினா, என்னன்னு ஒரு வார்த்தை கேக்க வேணாம்?

என்னது, அஞ்சு ஆயிடுச்சா? எந்தக் கடிகாரத்துல? அந்தச் செவுத்துல தொங்குதே, அதுலயா? ஏம்மா, நான் திரும்பிப் போய் வண்டியில ஏறி உக்காந்தப்புறம்தான் ரேடியோல அஞ்சு மணிச் செய்தி ஆரம்பிச்சுது. ரேடியோக்காரனுக்கு என்ன, என் மேல பாசமா? நாலு நிமிஷம். நான் எண்ணினேன்.

நீங்க ஏன் கையைக் கீழ இறக்கிட்டீங்க? சும்மாதான் கேட்டேன். மேலயே வச்சுக்கங்க.

சரி, விடுங்க. சண்டை போட வரல. நான் சண்டைன்னு வந்தா குரலே வேற மாதிரி இருக்கும், பின்னாடி நிக்கறவங்க பார்சலைக் கீழ வச்சுட்டு ஓடிருவாங்க. எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. இந்தக் கடிதம் பதிவுத் தபால்ல போகணும். பணம் இந்தா இருக்கு. போகட்டும், எப்ப வேணா போகட்டும், ஆமை மேல ஏத்திக்கூட அனுப்புங்க. ஆனா முத்திரைல நேத்து தேதி இருக்கணும். செவ்வாய்க்கிழமை, மார்ச் பதினெட்டு. அவ்வளவுதான்.

தலையை ஆட்டாதீங்க. முழுசாக் கேளுங்க, அப்புறம் ஆட்டுங்க.

நான் ஒரு பொருளை வாங்கிட்டேன். டைம்ஷேர். ஃப்ளோரிடாவுல. தெரியும்ல? வருஷத்துல ஒரு வாரம் அந்த வீடு நம்மளுது, மிச்ச அம்பத்தொரு வாரம் எவன் எவனுதோ. கையெழுத்துப் போட்டப்புறம் வேணாம்னு தோணிச்சுன்னா, பத்து நாளுக்குள்ள எழுதிப் போட்டுடணும். அந்த மாநிலத்துச் சட்டம். வாயால சொன்னா செல்லாது, போன்ல சொன்னா செல்லாது. காகிதம் போகணும். அது அவங்க கைக்கு எப்பப் போய்ச் சேருதுங்கறது கணக்கில்ல, முத்திரைத் தேதிதான் கணக்கு. எட்டாம் தேதி சனிக்கிழமை கையெழுத்துப் போட்டோம். எண்ணுங்க. நேத்தோட பத்து. இன்னிக்கு நீங்க அந்த முத்திரைக் கட்டையை எடுத்து டொப்புன்னு குத்தினீங்கன்னா பதினொண்ணு. அதோட தீந்துது. விலைத் தவணை, வருஷா வருஷம் பராமரிப்புப் பணம்னு, என்னைக் குழியில இறக்கற வரைக்கும் நான் கட்டணும். இறக்கினப்புறமும் வேற யாராவது கட்டணும்.

வெளிய இருக்கற நீலத் தபால் பெட்டியிலயா? போட்டிருக்கலாம். அதுல ஒட்டியிருக்கற காகிதத்தைப் படிச்சேனே. காலைல பத்து மணிக்கு எடுப்பாங்களாம். அப்ப அதுல எந்தத் தேதி விழும்? அதான். படிக்காதவன்னு நினைச்சீங்களா? எட்டாவதோட நின்னவன்தான். ஆனா தேவைப்பட்டா எல்லாத்தையும் படிப்பேன். என்ன, எப்பவும் கையெழுத்துப் போட்டப்புறம் படிப்பேன்.

என்னைத் தெரியாதா? நெடுஞ்சாலையில, உரக் கிடங்கு தாண்டினதும் டயர் மலை ஒண்ணு தெரியும்ல, அது என்னுது. வெர்லன் ஸ்டக்கி. பழைய டயர் வாங்கறது, விக்கறது. குப்பை மேட்டுலேர்ந்து பதினோரு டயரைப் பொறுக்கி ஆரம்பிச்சவன். ரெண்டு வருஷம் வண்டிக்குள்ளயே படுத்தேன். எனக்கு யாரும் எதையும் சும்மா குடுத்தது கிடையாது. நானும் சொன்ன விலைக்கு எதையும் வாங்கினது கிடையாது. பல் டாக்டர்கிட்ட பேரம் பேசியிருக்கேன். பல்லைப் பிடுங்கிட்டிருக்கும்போது, வாயில கருவியோட. அந்த ஆள் அஞ்சு டாலர் குறைச்சான்.

தபால் வேலையெல்லாம் என் வீட்டுக்காரிதான், அதான் என்னைப் பார்த்திருக்க மாட்டீங்க. நெல்டா. மாசம் பொறந்தா வருவா, தபால் தலை வாங்கும்போது பறவை படம் போட்டதாக் கேப்பா. ஆங், அவளேதான்! போன வருஷத்துலேர்ந்து தலையில நீலத் துணி கட்டிக்கிட்டு வந்தாளே, அவதான். உங்களுக்குப் பழமா கொண்டாந்து குடுத்தாளா? என்கிட்ட சொல்லவே இல்ல பாருங்க. எங்க மரத்துப் பீச்சுப் பழம்தான் அது. நான் விக்கணும்னு வச்சிருந்தேன்.

எப்படி இருக்காளா? வர்றேன், அதுக்கு வர்றேன். மொதல்ல இதைக் கேளுங்க.

ஒரு காகிதம் வந்துச்சு வீட்டுக்கு. தொண்ணூத்தொம்பது டாலருக்கு மூணு ராத்திரி, ஏரிக்கரை ஓட்டல், காலைச் சாப்பாட்டோட. தொண்ணூறு நிமிஷம் மட்டும் அவங்க சொல்றதைக் கேக்கணும். ஒரு நிபந்தனை. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வந்தாத்தான். ஒத்தையாப் போனா உள்ளயே விட மாட்டான். ஏன்னு நினைக்கறீங்க? ஒத்தையாப் போறவன், வீட்டுல கேட்டுட்டு வர்றேன்னு எழுந்துருவான். சோடியாப் போனா அந்தச் சாக்கு கிடையாது. தொழில்னா அது. நான்கூட அப்ப மனசுக்குள்ள சபாஷ்னுதான் சொல்லிக்கிட்டேன்.

நெல்டா வேணாம்னா. நான்தான் சொன்னேன், தொண்ணூறு நிமிஷம் நான் காதைக் குடுக்கறேன், நீ மூணு நாள் தண்ணியைப் பார்த்துக்கிட்டு உக்காரு, எவனும் என்கிட்ட எதையும் வித்துட முடியாதுன்னு. வாயைத் தெறந்து சொன்னேன்மா. இந்த வாய்தான்.

அங்க ஒருத்தன் வந்தான், கோல்பின்னு. முப்பது வயசிருக்கும், பல்லெல்லாம் பாத்திரம் தேச்ச மாதிரி. எங்களை ஒரு சின்ன வண்டியில வச்சு மாதிரி வீட்டுக்கு ஓட்டிக்கிட்டுப் போனான். படி ஏற நெல்டாவுக்கு முடியல. உடனே லிஃப்ட் பக்கம் கூட்டிக்கிட்டுப் போனான். தலைத்துணியைப் பார்த்தான். மூச்சு வாங்கறதைப் பார்த்தான். எல்லாத்தையும் பார்த்துட்டுத்தான் பால்கனியைத் தொறந்துவிட்டான். கீழ ஏரி. நீளக் கால் கொக்கு ரெண்டு நின்னுக்கிட்டிருந்துது. நெல்டா நாற்காலியில உக்காந்தா. கொஞ்ச நேரம் பார்த்தா. அப்புறம் சொன்னா, இங்கயே உக்காந்துக்கிட்டிருக்கலாம் போல இருக்கு வெர்லன்னு.

முப்பத்தொரு வருஷம். ஒரு சங்கிலி வேணும்னு கேட்டதில்ல. துணி தோய்க்கிற மிஷின் கெட்டுப் போனப்பகூட, உன்னால ரிப்பேர் பண்ண முடியுமான்னுதான் கேட்டா. அப்படிப்பட்டவ வாயிலேர்ந்து அந்த வார்த்தை வந்துச்சு. கோல்பி என்ன பண்ணினான் தெரியுமா? ஒண்ணுமே பேசல. நல்ல வியாபாரிக்கு எப்ப வாயை மூடணும்னு தெரியும். அவனுக்குத் தெரிஞ்சிருந்துது.

அப்புறம் பெரிய ஹாலுக்குக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. நாப்பது மேஜை இருக்கும், ஒவ்வொண்ணுலயும் ஒரு சோடி. விலை நாப்பத்தோராயிரம்னான். நான் சிரிச்சேன். எழுந்தேன். கதவு வரைக்கும் போனேன். முப்பத்திரெண்டுன்னு ஓடி வந்தான். உக்காந்தேன். ஒரு காபி குடிச்சேன். மறுபடி எழுந்தேன். மேனேஜர்னு ஒரு பொம்பளை வந்தா, இருபத்தஞ்சுன்னா. மூணாவது தடவை வண்டிச் சாவியையே கையில எடுத்துட்டேன். வேற ஒருத்தன் வந்தான், யாரோ வாங்கிட்டுத் திருப்பிக் குடுத்த வீடு ஒண்ணு இருக்கு, இன்னிக்கு மட்டும் பதினேழாயிரத்து ஐந்நூறுன்னான். அடிமாட்டு விலைக்கு அடிச்சுட்டேன்மா! எனக்கு உடம்பெல்லாம் சூடாயிடுச்சு. கையெழுத்துப் போட்டதும் மணி அடிச்சாங்க. ஹால் பூரா கை தட்டினாங்க. பொங்கற ஒயின் ரெண்டு கிளாஸ் வந்துச்சு. நான் எழுந்து நின்னு கையெல்லாம் ஆட்டினேன், தேர்தல்ல ஜெயிச்ச மாதிரி.

வெளிய வந்து வண்டிக்குக் காத்துக்கிட்டு நிக்கறப்ப பக்கத்துல ஒரு ஒஹாயோக்காரன். பேச்சுக் குடுத்தேன். அவனும் வாங்கியிருக்கான், அதே மாதிரி வீடு. பதிமூணாயிரத்து ஐந்நூறுன்னான். எப்படிய்யா பேசினன்னு கேட்டேன். நான் ஒண்ணும் பேசலைங்க, தூக்கம் வந்துச்சு, கண்ணை மூடிக்கிட்டேன், அவங்களாவே குறைச்சுக்கிட்டே வந்தாங்கன்னான்.

சிரிங்க. சிரிக்க வேண்டிய விஷயம்தான். நாப்பது வருஷம் பேரம் பேசி வளர்ந்தவன், தூங்கினவனைவிட நாலாயிரம் கூடக் குடுத்திருக்கேன்.

என்ன சார், பின்னாடி, என்ன முனகல்? தொப்பிக்காரரே, உங்களைத்தான். உங்களுக்கும் ஒண்ணு இருக்கா? எத்தனை வருஷமா? பதினாறா! கேட்டீங்களாம்மா? பதினாறு வருஷம். எத்தனை தடவை போனீங்க? மூணு. மச்சானுக்குச் சும்மாவே குடுக்கறேன்னு சொன்னீங்களா? என்ன சொன்னாரு? பேச்சுவார்த்தையே நின்னு போச்சா. பாத்தீங்களா. இதான் இதோட லட்சணம். இவர் நிக்கட்டும், இவருக்கு அவசரம் இல்ல, இவர் வேணா சாட்சி சொல்வார்.

ஏம்மா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். சிவப்புக் கலர், வெளிய ஓரமா நிக்குதே, அது உங்களுதுதானே? முன்பக்கம் ரெண்டு டயரும் வழுக்கை. மழை பெஞ்சா நேரா ஓடைக்குள்ளதான் போவீங்க. நாலு டயர், நல்ல டயர், பாதிக்கு மேல பட்டை இருக்கறது, நானே மாட்டித் தர்றேன். ஒரு நயா பைசா வேணாம். அந்தக் கட்டையில தேதி மாத்தற சின்னச் சக்கரத்தை ஒரு பல், ஒரே ஒரு பல் பின்னாடி தள்ளினாப் போதும்.

குத்தமா? எந்தக் குத்தம்? ஓ, அரசாங்கக் குத்தமா. ஜெயிலுக்கே போவீங்களா? ஒரு நாளைக்கா? அங்க ஒருத்தன், செத்துக்கிட்டிருக்கற பொம்பளையைப் பால்கனியில உக்கார வச்சு, ஆயுசு முழுக்க உங்களுது, உங்க பிள்ளைங்களுக்கும் போகும்னு சொல்லி வித்திருக்கான். அவனுக்கு மணி அடிச்சாங்க. உங்களுக்கு ஜெயிலா?

ஆமா. செத்துக்கிட்டிருக்கறன்னுதான் சொன்னேன். வாய் தவறி வந்துருச்சு.

ஏன் பத்து நாளும் வரலைன்னு மறுபடி கேக்கறீங்க. இது மூணாவது தடவை. நான் வேணும்னுதான் வேற பேச்சுப் பேசிக்கிட்டிருந்தேன், உங்களுக்கும் அது தெரியும். சொல்றேன்.

அன்னிக்கு ராத்திரி அறைக்கு வந்தோம். அவங்க குடுத்த தோல் பை, அதுல இவ்வளவு காகிதம். நான் செருப்பைக்கூடக் கழட்டாம படுத்துட்டேன். நெல்டா ஒவ்வொண்ணாப் படிச்சா. அவ எல்லாத்தையும் படிப்பா. மாத்திரை டப்பாவுக்குள்ள மடிச்சு வச்சிருப்பானே, அதைக்கூட. பேனா சொருகற மடிப்புக்குப் பின்னாடி ஒரு காகிதம், ஒளிச்சு வச்ச மாதிரி. எடுத்தா. வெர்லன், பத்து நாள் இருக்கு, எழுதிப் போட்டா முழுப் பணமும் திரும்பிடும்னா. என்ன அவசரம்னு கேட்டேன். போன்ல எதையோ தேடிக் காட்டினா. அதே ரிசார்ட்டு, அதே மாதிரி வீடு, எவனோ ஒரு டாலருக்கு விக்கறேன்னு போட்டிருக்கான். ஒரு டாலர்மா! அதுக்கும் ஆள் வரல.

அப்பகூட நான் வீம்பு பிடிச்சேன். உனக்கு அந்த எடம் பிடிச்சுதா இல்லியான்னு கேட்டேன். பிடிச்சுதுன்னா. அப்புறம் என்ன, வருஷா வருஷம் மார்ச் மாசம் வருவோம், கொக்கைப் பார்ப்போம்னேன். அவ கண்ணாடியைக் கழட்டி வச்சா. எனக்கு அடுத்த மார்ச் இல்ல வெர்லன், ஒத்தையா நீ அங்க போய் என்ன பண்ணுவே, கொக்கோட பேரம் பேசுவியான்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா.

அவ சிரிச்சதுக்குத்தான் எனக்குக் கோபம் வந்துச்சு. கண்டபடி கத்தினேன். பக்கத்து அறைக்காரன் செவுத்தைத் தட்டினான். அவ பாட்டுக்கு ஓட்டல் காகிதத்துலயே எழுதினா. நாலு வரி. ஒப்பந்த நம்பர், தேதி, ரத்து செய்கிறோம், பணத்தைத் திருப்பி அனுப்பவும். அவ கையெழுத்துப் போட்டா. பேனாவை என் பக்கம் நீட்டினா. நானும் போட்டேன், காகிதம் கிழியற மாதிரி. இதோ, பாருங்க, என் பேர் போட்ட எடத்துல ஓட்டை.

திங்கக்கிழமை வீட்டுக்கு வந்தோம். பத்தாம் தேதி. மத்தியானமே என்னை அனுப்பினா. பதிவுத் தபால்ல போடு, ரசீது வாங்கு, ரசீதுல முத்திரை குத்தியிருக்கான்னு பாருன்னா. வந்தேம்மா. இங்கதான் வந்தேன். அந்தக் குப்பைத்தொட்டி பக்கத்துல வண்டியை நிறுத்தினேன். கண்ணாடி வழியா நீங்க தெரிஞ்சீங்க. கட்டையை மையில தொட்டுத் தொட்டுக் குத்திக்கிட்டிருந்தீங்க. டொப், டொப்னு. நான் எஞ்சினைக்கூட நிறுத்தல. இருபது நிமிஷம் இருப்பேன்.

எல்லாரும் என்ன நினைச்சீங்க, நான் பதினேழாயிரத்து ஐந்நூறுக்கு ஒரு வீட்டை வாங்கினேன்னா? அந்தக் கோல்பி வீடு விக்கலம்மா. மார்ச் மாசம் வித்தான். வரிசையா, ஒண்ணு பின்னாடி ஒண்ணா, இத்தனை மார்ச் மாசம் உங்க ரெண்டு பேருக்கும்னு பேர் போட்டு, நம்பர் போட்டு, முத்திரை வச்சுக் குடுத்தான். டாக்டர் குடுக்கல. சர்ச்சுல குடுக்கல. இவன் குடுத்தான். பேரம் பேசி வாங்கினேன். இந்தக் கடிதத்தை நான் ஜன்னல் வழியா உங்ககிட்ட நீட்டினா, அது அத்தனையும் வேணாம்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்ல? அவ சொன்னது சரின்னு ஒத்துக்கிட்ட மாதிரி. அதுக்கு என் கை எழும்பல.

அதனால போய் ஐஸ்கிரீம் வாங்கினேன். வீட்டுக்குப் போனேன். போட்டுட்டேன்னு சொன்னேன்.

ரசீது எங்கன்னு கேட்டா. வண்டியில இருக்குன்னேன். அடுத்த நாளும் கேட்டா. வண்டியிலதான் இருக்குன்னேன். வியாழக்கிழமை எழுந்திருக்க முடியல, அப்பவும் கேட்டா. எடுத்து வைக்கறேன்டி, என்ன தொணதொணப்புன்னேன். அவ்வளவு பெரிய வண்டியா உன்னுதுன்னா. சனிக்கிழமை காலையில போயிட்டா.

இல்லம்மா, வேணாம். எனக்கு ஒண்ணும் வேணாம். நீங்க கண்ணைத் துடைச்சுக்கங்க, பின்னாடி ஆள் நிக்குது.

நேத்து மத்தியானம் அடக்கம். அதான் கோட்டு. சர்ச்சுக்காரங்க கோழி வறுத்துக் கொண்டாந்தாங்க, மக்ரோனி கொண்டாந்தாங்க, எல்லாரும் சாப்பிட்டாங்க, எல்லாரும் போயிட்டாங்க. அடக்கம் பண்ணினவன் ரசீது ஒண்ணு குடுத்தான். எங்க வைக்கறது? நெல்டா ஒரு பிஸ்கட் டப்பா வச்சிருப்பா, ரசீதெல்லாம் அதுலதான். அதை எடுத்துத் தொறந்தேன். முப்பத்தொரு வருஷத்து ரசீது, ஒவ்வொண்ணும் தனித்தனி உறையில. மேல அவ எழுத்து. துணி மிஷின். குளிர்சாதனப் பெட்டி. வெர்லன் பல். அந்த அஞ்சு டாலர் தள்ளுபடியைக்கூட ஓரமா எழுதி வச்சிருக்கா.

கடைசில இந்த உறை இருந்துச்சு. இந்தாங்க, வாங்கிப் பாருங்க. என்ன எழுதியிருக்கு? படிங்க, சத்தமாப் படிங்க, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல.

ரிசார்ட் ரத்து. பதிவுத் தபால் ரசீது. மார்ச் 10.

தொறந்து பாருங்க. ஒண்ணும் இல்ல. இல்லல்ல? காலி. நான் கொண்டாந்து வைப்பேன்னு எடம் போட்டு வச்சிட்டுப் போயிருக்கா. நம்பித்தான் வச்சாளா, இவன் போட்டிருக்க மாட்டான்னு தெரிஞ்சே வச்சாளா, எனக்குத் தெரியல. இனி யார்கிட்டப் போய்க் கேப்பேன்? அதைக் கையில பிடிச்சுக்கிட்டு வண்டியை எடுத்தேன். அப்ப மணி நாலரை. இங்க வந்து சேர்றப்ப இன்னும் நாலு நிமிஷம் இருந்துச்சு.

அதனால இப்ப யோசிச்சுப் பார்த்தா, நேத்துத் தேதி எனக்கு வேணாம்மா. நான் கேட்டது தப்பு. பதினெட்டாம் தேதி போட்டா ரிசார்ட்டுக்காரன் ஒத்துக்குவான், பணம் திரும்பிடும், ஆனா இந்த உறைக்குள்ள அது சேராது. இதுல பத்துன்னு எழுதியிருக்கு. ரிசார்ட்டு எக்கேடும் கெடட்டும். நான் கட்டிக்கறேன், மாசா மாசம், வாயைத் தெறக்காம கட்டறேன். நான் பேரம் பேசாம கட்டற மொதல் பணம் அதுவாத்தான் இருக்கும். கடிதத்தைக்கூட நீங்க அனுப்ப வேணாம், குப்பையில போடுங்க. ரசீது மட்டும் போதும். அந்தத் துண்டுக் காகிதத்துல, ஓரமா, திங்கக்கிழமை, மார்ச் பத்து. போட்டுட்டேன்னு நான் அவகிட்ட சொன்ன தேதி.

அட, தலையை ஆட்டாதேன்னு எத்தனை தடவை சொல்றது? அந்த மோதிரத்தை நான் வந்ததுமே பார்த்துட்டேன். பச்சைக் கல்லு. நேத்து அந்தக் கதவைச் சாத்தினது நீதான். நாலு நிமிஷம் நீ எடுத்துக்கிட்டே. ஒம்பது நாள் நான் எடுத்துக்கிட்டேன். நான் பண்ணினதை நான் எப்படியும் சரி பண்ண முடியாது. நீ பண்ணினதை நீயாவது சரி பண்ணு. கட்டை அங்கதான் இருக்கு, உன் கைக்குப் பக்கத்துல. ஒம்பது பல். எண்ணி எண்ணித் தள்ளு, நானும் கூட எண்ணறேன். திருப்பும்மா.